டிக்கிக்குள் தண்ணீர்: மாரிக்கு முன் ஸ்பெயர் வீலைத் தூக்கிப் பாருங்கள்

கார்த்திகை அடைமழைக்குள் ஒரு டீச்சர் கராஜுக்கு வந்தார். மட்டக்களப்புக் கல்லடியில் வீடு. மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, மேற்கே படுவான்கரைப் பாடசாலைக்கு நாளாந்தம் போய்வருகிறவர். "தம்பி, பிரேக் பிடிச்சா பின்னுக்குச் சளக் சளக்கெண்டு கேக்குது. தண்ணிக் கேன் உருளுற மாதிரி. ஆனா நான் ஒண்டும் வைக்கல்ல" என்றார்.

டிக்கியைத் திறந்தால் மேலே பாய் காய்ந்துதான் கிடந்தது. பாயையும் பலகையையும் தூக்கியபோது ஸ்பெயர் வீல் பாதி முங்கி நின்றது. ஜாக்கி முழுக்கக் கறள். போன மாரியிலும் இப்படித் தண்ணீர் வந்ததாம். அப்போது ஓரிடத்தில் காட்டி, டிக்கி மூடியின் றப்பரைச் சுற்றிச் சிலிக்கன் பூசி வாங்கியிருக்கிறார். அந்தச் சிலிக்கன் அப்படியே இருந்தது. தண்ணீர் வேறு வழியால் வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் தேங்கும் இடம் வேறு, அது நுழையும் இடம் வேறு. கூரையோரத்து வெடிப்பால் இறங்குகிற துளி, உள்தகட்டின் முதுகால் ஓடி, வயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்பெயர் வீல் பள்ளத்தில் வந்து விழும். பள்ளத்தைப் பார்த்து எவராலும் வழியைச் சொல்ல முடியாது. அதனால்தான் வழியைக் கண்டுபிடிக்காமல் எதையும் பூச வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

என் கையில் அதிகம் அகப்படுவது பின் லைட்தான். லைட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஸ்பொன்ஜ் கேஸ்கட் இருக்கும். பத்துப் பதினைந்து வருட வெயிலில் அது அப்பளம்போல் நொறுங்கிவிடும். பின்னால் இடிபட்டுத் திருத்திய காராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. லைட்டைக் கழற்றிப் பழைய கேஸ்கட்டோடே திரும்பப் பூட்டியிருப்பார்கள். வெல்டிங் செய்த பொருத்தில் இடைவெளியை அடைக்கும் சீலர் பூசாமல் மேலால் பெயின்ற் மட்டும் அடித்திருப்பார்கள். டீச்சரின் காரில் இரண்டுமே இருந்தன. இடதுபக்க லைட்டைக் கழற்றியபோது கீழ்ப்பொருத்தில் ஒரு நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தது.

அடுத்தது பலர் அறியாதது. பின் பம்பருக்கு உள்ளே, இரண்டு பக்கத்திலும், சிறு காற்றுத் துவாரங்கள் உண்டு. கதவை அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக மெல்லிய றப்பர் மடிப்புகளோடு வைத்திருப்பார்கள். அந்த மடிப்புகளைத் தாங்கும் சட்டத்தைச் சுற்றியுள்ள ஸ்பொன்ஜ் போனாலும், பம்பர் இடிபட்டுச் சட்டம் விலகினாலும் தண்ணீர் நேரே உள்ளே வரும். தேங்கிய வீதித் தண்ணீருக்குள் ஓடுகிறவர்களுக்கு இது முக்கியம். அதற்காகத் துவாரத்தையே அடைத்துவிடக் கூடாது. காற்றுப் போக வழியில்லாமல் கண்ணாடி எந்நேரமும் புகை படியும்.

கூரை ஓரப் பட்டிக்குக் கீழேயுள்ள சீலர் வெடிப்பு, அன்ரெனா அடி, பின் கண்ணாடி ஒட்டு, ஸ்பொய்லர் நட்டுகள், இலக்கத் தகட்டு லைட் வயர் நுழையும் றப்பர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். டிக்கி றப்பரைச் சோதிக்க ஒரு தாள் துண்டு போதும். றப்பருக்கு மேல் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. தளர்ந்து வந்தால் அந்த இடத்தில் றப்பர் படிந்துவிட்டது, அல்லது மூடியின் பூட்டைச் சற்று இறக்க வேண்டும்.

வழியைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். டிக்கியை முழுக்க வெறுமையாக்கி, ஓர உறைகளையும் கழற்றி, துணியால் துடைத்துக் காயவிடுவேன். பொருத்துகளிலும் லைட்டின் பின்புறத்திலும் முகப் பவுடர் தூவுவேன். மூடிவிட்டு, ஹோஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விடுவேன், கீழே தொடங்கி மேலே. ஓரிடத்தில் நான்கைந்து நிமிடமாவது விட்டு, திறந்து பார்த்த பிறகே அடுத்த இடம். மேலே தொடங்கினால் எல்லா இடமும் சேர்ந்து நனைந்து ஒன்றும் விளங்காது. பவுடரில் தண்ணீர் ஓடிய கோடு கறுப்பாகத் தெரியும். வேகமாகப் பீய்ச்சும் சேர்விஸ் பைப் வேண்டாம், அது நல்ல றப்பரையும் தாண்டிப் போகும். உள்ளே ஆளை, முக்கியமாகப் பிள்ளைகளை, இருத்தி மூடாதீர்கள். கைபேசியை லைட்டோடு வீடியோவில் போட்டு உள்ளே வைத்தாலே போதும்.

வழி தெரிந்த பிறகு வேலை பெரிதல்ல. கேஸ்கட் புதிதாகக் கிடைக்காவிட்டால் பியூட்டைல் ரேப் (பிசின்போல் ஒட்டும் றப்பர்ப் பட்டி) சுற்றிப் பூட்டலாம். தகட்டுப் பொருத்துக்கு அதற்கென்றே விற்கிற பொலியூரித்தேன் சீலர்தான் வேண்டும். வினாகிரி மணக்கிற சிலிக்கனைத் தகட்டில் பூசவே கூடாது. காயும்போது அது விடுகிற அமிலம் இரும்பைத் தின்னும், பிறகு அதன்மேல் பெயின்ற்றும் பிடிக்காது. தண்ணீர் வடியட்டும் என்று பள்ளத்தில் ஓட்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதே ஓட்டையால் வீதித் தண்ணீர் மேலே வரும், ஓட்டையின் விளிம்பிலேயே கறள் தொடங்கும். பெரும்பாலான கார்களில் பள்ளத்தின் அடியில் றப்பர் மூடி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழற்றித் தண்ணீரை விட்டுவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

நம் ஊரில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் கறள் ஒரு மாரிக்குள்ளேயே தகட்டைப் புள்ளி புள்ளியாகத் தின்கிறது. உள்ளே வந்தது வாவித் தண்ணீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரால் துடைத்தெடுத்து, பிறகு காயவையுங்கள். கறளைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ற்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதை இரண்டுமுறை வாசியுங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களில் ஏறக்குறைய 200 வோல்ட் பெரிய பற்றரி பின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கிறது. சின்ன 12 வோல்ட் பற்றரியும் டிக்கியின் வலது மூலையில்தான். அந்தப் பகுதியில் ஈரம் என்பது வெறும் பாய் நாறுகிற பிரச்சினை அல்ல. பெரிய பற்றரியின் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையையும் நீங்களாகச் செய்யாதீர்கள். 2024 நவம்பர் வெள்ளம்போல் ஒன்றில் கார் முங்கியிருந்தால், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் ஹைபிரிட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் பார்க்க நல்ல காலம் ஆவணி, புரட்டாதி. மழை நின்றபிறகு வந்தால் எனக்கும் வழியைப் பிடிப்பது கடினம், தகடும் அதற்குள் போய்விடும். கோடையில் காரைக் கழுவிய அன்றே பலகையைத் தூக்கி விரலால் தடவிப் பாருங்கள். காலையில் பின் கண்ணாடி உட்பக்கம் வியர்த்திருந்தாலும், புழுங்கல் மணம் வந்தாலும் அதே வேலை.

டீச்சரின் காரைத் திருத்தியபிறகு பாயை நான் போடவில்லை. இரண்டு பெருமழை பெய்யட்டும், இரண்டு தடவையும் பவுடரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் வாரம் வந்து, "தம்பி, பவுடர் அப்பிடியே வெள்ளையாக் கிடக்கு, இப்ப பாயப் போடலாமா?" என்று கேட்டார். அன்றுதான் போட்டோம்.