தொடையெலும்பு முறிந்தவருக்கு மூன்றாம் நாள் ஏன் மூச்சு வாங்குகிறது?

ஹபரணை வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவருக்குத் தொடையெலும்பு முறிவு. நெஞ்சில் கீறல்கூட இல்லை. திருகோணமலையில் வார்ட்டில் சேர்த்த அன்று எடுத்த எக்ஸ்ரேயிலும் நுரையீரலில் குறையில்லை. ஆனால் இரண்டு, மூன்று நாளில் இப்படிப்பட்ட சிலருக்கு ஒட்சிசன் இறங்கத் தொடங்கும்.

இதற்கு முக்கிய காரணம் அவருடைய சொந்த வெண்குழியங்கள்தான், அதிலும் கிருமிகளை எதிர்க்க முதலில் ஓடிவரும் நடுநிலைநாடிகள் (neutrophils) என்ற வகை. நசிந்த தசைக் கலங்கள் உடையும்போது, கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகளின் (mitochondria) துணுக்குகள் குருதியில் கலக்கின்றன. இழைமணியின் மூதாதை ஒரு பக்டீரியா. அந்தப் பழைய அடையாளம் அதன் டீஎன்ஏயிலும் புரதத்திலும் இன்னும் இருக்கிறது. அதைக் காணும் நடுநிலைநாடி, கிருமி வந்துவிட்டதென்று கிளம்பிவிடும். 2010இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ரிப்போர்ட்டில் வெண்குழிய எண்ணிக்கை 11,000ஐத் தாண்டினால் உடனே 'புண்ணில் கிருமி' என்று கலங்க வேண்டாம். அடிபட்டாலே சில மணி நேரத்தில் அது ஏறும்.

நுரையீரல் ஏன் மாட்டிக்கொள்கிறது? உடம்பைச் சுற்றிவரும் குருதி அத்தனையும் அதன் மயிர்த்துளைக் குழாய்கள் வழியாகத்தான் போக வேண்டும். நடுநிலைநாடியின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீற்றர். பல குழாய்களோ 5, 6தான். வழக்கமாக நெளிந்து புகுந்துவிடும். தூண்டப்பட்டதும் விறைத்துப்போகும். இடியப்ப உரலில் பதமான மா இறங்கும், கட்டிபட்ட மா கண்ணை அடைக்கும், அதே கதைதான். சிக்கிய இடத்தில் கிருமிக்கென்று வைத்திருந்த நொதிகளைக் கொட்டுகிறது. காற்றுக்கும் குருதிக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மைக்ரோமீற்றர்கூட இல்லை. அது பழுதாகி, காற்றறைகளுக்குள் நீர் கசிகிறது. முறிந்த எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையின் கொழுப்பும் நுரையீரலில் போய் அடைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த நேரத்தில் நீண்ட சத்திரசிகிச்சை இரண்டாவது அடியாக விழலாம். நிலைமை மோசமானவருக்கு வெளிக்கம்பியால் காலை நிறுத்திவிட்டு, உள்ளே கம்பி போடுவதைச் சில நாள் தள்ளிவைப்பது இதனால்தான். அது அசட்டை அல்ல. செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டாலும், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் அளவில்தான் காற்றுத் தருவார்கள். கூடினால் காற்றறைகள் இழுபட்டு, இன்னும் வெண்குழியங்கள் வந்து குவியும்.

விபத்து நடந்த இடத்தில் காலைப் பலகையோடு கட்டி, அசையாமல் தூக்குங்கள். குருதியும் கொழுப்பும் கசிவது குறையும். பிறகு மூன்று நாள் மூச்சைக் கவனியுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணி 25ஐத் தாண்டினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, அக்குளில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள். எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு விடும் வேகம் மாறிவிடும்.