புதிய ரைட் பிந்தினால் பூங்காவின் காசு எங்கே கரைகிறது?

இலங்கையின் கிழக்கில் பாசிக்குடாவிலோ கல்லடியிலோ அறுகம்பையிலோ பொழுதுபோக்குப் பூங்கா போட நினைப்பவர்களும், இருக்கிற பூங்காவுக்கு ஒரு புது ரைட் (ராட்டினம்போல ஆட்களை ஏற்றிச் சுழற்றும் இயந்திரம்) இறக்க நினைப்பவர்களும் கொண்டுவரும் கணக்குத் தாள்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். இயந்திரத்தின் விலை சதம்வரை சரியாக இருக்கும். மூன்று விலைக்கோரல்கள் இணைத்திருக்கும். வங்கி வட்டியும் பிழையில்லை. திறக்கும் திகதிக்கு மட்டும் "ஏப்ரல்" என்ற ஒரு சொல். அந்த ஏப்ரல் யூலையானால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட இராது. கிழக்கில் ஒரு ரைட் போட்ட காசைத் திருப்பித் தருமா என்பதை விலையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அது ஓடத் தொடங்கும் மாதம்தான்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. ஒக்டோபரில் மழை பிடித்தால் தை மாதம் வரை வாடைக்காற்றும் வெள்ளமும். கடற்கரைக்கு ஆள் வருவது ஏப்ரல், மேயிலிருந்து செப்டெம்பர் வரை. அதற்குள்ளும் சனம் குவிவது சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை, மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழாவை ஒட்டிய நாட்கள், முஸ்லிம்களின் பெருநாட்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று பெருநாளுக்குக் குடும்பத்தோடு வெளிக்கிடும் ஊர்கள் சுற்றிவர இருப்பதால், பெருநாள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதையும் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வீட்டுக்கு வரும். கையில் காசு புழங்கும் நேரமும் ஏப்ரலுடன் பொருந்துகிறது. ஆகவே இங்கே ஒரு மாதமும் இன்னொரு மாதமும் சமனில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளங்கிக்கொள்வதற்காக எடுத்தவை. உங்கள் பூங்காவின் எண்களை அதே இடங்களில் போடுங்கள். 24 இருக்கை கொண்ட ஒரு ரைட், இயந்திரம், கப்பல், தீர்வை, அத்திவாரம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 6 கோடி ரூபாய். அதில் 4 கோடி வங்கிக் கடன், 14 வீத வட்டி, 5 வருடம். முதலாம் வருட வட்டி 56 இலட்சம், திருப்பிக் கட்டும் முதற்பணம் 80 இலட்சம். ரைட்டை இயக்குபவர்களின் சம்பளம், உதிரிப்பாகம், காப்புறுதி, பரிசோதனை எல்லாவற்றுக்கும் வருடம் 50 இலட்சம். இந்த ரைட்டுக்காக மேலதிகமாக 20,000 பேர் வருவார்கள் என்று வையுங்கள். நுழைவு டிக்கெட் 1,180 ரூபாய் என்றால், 2024 ஜனவரியிலிருந்து நடைமுறையிலுள்ள 18 வீத வற் வரி போக, பதிவு பெற்ற பூங்காவுக்கு மிஞ்சுவது 1,000. சாப்பாடு, குளிர்பானத்தில் ஆளுக்கு 200 இலாபம். மின்சாரம், தண்ணீர், அட்டைக் கட்டணம் போன்ற மாறும் கிரயம் 150. ஒரு ஆளால் கிடைக்கும் பங்களிப்பு 1,050. மொத்தம் 2 கோடி 10 இலட்சம். செலவு, வட்டி, முதற்பணம் மூன்றையும் கழித்தால் வருடக் கடைசியில் கையில் 24 இலட்சம். வங்கி முகாமையாளர் தலையாட்டக்கூடிய கணக்கு.

இனி அந்த 20,000 பேரை மாதங்களுக்குப் பிரியுங்கள். ஏப்ரலில் 20 வீதம், மே 12, யூன் 8, யூலை 14, ஆகஸ்ட் 22, செப்டெம்பர் 9, மீதி ஆறு மாதமும் சேர்ந்து 15. ஏப்ரல் 1 திறக்க வேண்டியது யூலை 1 ஆனால் நாட்களில் கால்பங்குதான் போகிறது. ஆட்களில் 40 வீதம் போய்விடும். 8,000 பேர், 84 இலட்சம். 24 இலட்சம் மிச்சம் இருந்த இடத்தில் 60 இலட்சம் பள்ளம். மூன்று மாத உதிரிப்பாகச் செலவு கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் இயக்குநர்களை ஏற்கெனவே வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்திருப்பீர்கள். அவர்களை மூன்று மாதம் வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள், சம்பளம் ஓடும். அதே ரைட் செப்டெம்பரில்தான் திறந்தால் போவது 76 வீதம். அந்த நிலையில் அந்த வருடம் திறக்காமல், மழைக்குப் பிறகு புது ரைட்டாகவே அறிமுகப்படுத்துவது சில வேளை மலிவு. புதுசு என்ற ஈர்ப்பு ஒன்றிரண்டு சீசனில் தணிந்துவிடும். அதை ஒக்டோபர் மழையில் செலவழிக்கக் கூடாது.

நல்ல ரைட் ஒரு பூங்காவை எவ்வளவு தூரம் தூக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரம் சாட்சி. 2010 யூனில் ஹரி பொட்டர் பகுதி திறந்ததும் ஐலண்ட்ஸ் ஒஃப் அட்வென்ச்சர் பூங்காவுக்கு வந்தவர்கள், துறை மதிப்பீடுகளின்படி, 2009இல் சுமார் 46 இலட்சமாக இருந்து 2011இல் சுமார் 76 இலட்சமானார்கள். அதே நகரில் 1990 யூன் 7ஆம் திகதி யுனிவர்சல் ஸ்டூடியோஸ் திறந்தபோது பெரிய ரைட்கள் ஒழுங்காக ஓடவில்லை. ஜோஸ் ரைட்டைச் சில மாதத்தில் மூடி, திரும்பக் கட்டி, 1993இல்தான் திறந்தார்கள். 2024 மே மாதம் ஒஹாயோவின் சீடர் பொயின்ட் பூங்காவில் திறந்த "டொப் த்ரில் 2" என்ற ரோலர் கோஸ்டர் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, அந்த சீசன் முழுவதும் ஓடவில்லை. விளம்பரம் முடிந்து, சீசன் டிக்கெட் விற்றுமுடிந்த பிறகு வந்த தாமதம் அது. பெரிய நிறுவனம் மற்ற ரைட்களின் வருமானத்தில் தாங்கிக்கொள்ளும். ஒரேயொரு புது ரைட்டை நம்பிக் கடன் எடுத்த பூங்காவுக்கு அந்த வசதி இல்லை.

தாமதம் தொடங்கும் இடம்

பெரும்பாலான தாமதம் கப்பலில் வருவதில்லை. அத்திவாரத்தில் வருகிறது. நடுத்தர ரைட் ஒன்றைத் தொழிற்சாலை செய்துமுடிக்கப் பொதுவாக 5 முதல் 8 மாதம். கொழும்புத் துறைமுகம் வரை சில வாரம், சுங்கம், பிறகு மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பாரவண்டிப் பயணம், பொருத்த 3 முதல் 6 வாரம், பரீட்சார்த்த ஓட்டம் 2 அல்லது 3 வாரம். ஏப்ரல் 1இலிருந்து பின்னோக்கி எண்ணினால் பொருத்தும் வேலை பெப்ரவரியில் தொடங்க வேண்டும். அதற்குள் அத்திவாரம் முற்றியிருக்க வேண்டும். கொங்கிறீட் முழுப் பலம் எடுக்கும் கணக்கு 28 நாள். ஆனால் நவம்பர், டிசம்பரில் எங்கள் கரையோர மணலில் குழி தோண்டினால் இடுப்பளவில் தண்ணீர் வந்துவிடும். பம்ப் வைத்து இறைத்தால் பக்கத்து மணல் சரியும். ஆகவே அத்திவாரம் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். அதற்கு உற்பத்தியாளரின் சுமை வரைபடம் வேண்டும். எத்தனை தொன் எந்தத் திசையில் இழுக்கும், நங்கூர போல்ட் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அதில்தான் உண்டு. முற்பணம் கட்டாமல் அதைத் தரமாட்டார்கள். ஆகக் கட்டளை போக வேண்டியது முந்திய வருடம் மே, யூனில். டிசம்பரில் கட்டளை கொடுத்துவிட்டு ஏப்ரலில் திறப்பு விழா என்று சுவரொட்டி அடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள். வரைபடம் வந்ததும் காற்றுச் சுமைக்கு எந்த வேகத்தை எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 1978 நவம்பர் சூறாவளி கண்ட மாவட்டம் இது. வேறு நாட்டு உள்நகரத்துக்குப் போட்ட வரைபடம் இங்கே செல்லாது. பிந்திக் கண்டுபிடித்தால் அத்திவாரத்தையே திரும்பப் போட நேரும்.

அனுமதியும் இதே வரிசைதான். உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுபடும் வாவி, ஆறுகளின் பக்கம் அது 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். மட்டக்களப்பு நகரில் கடலே தெரியாத காணிகூட இதற்குள் வரலாம். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், பிரதேச சபை அல்லது மாநகர சபை, களியாட்ட வரி எவ்வளவு என்ற பேச்சு எல்லாம் முற்பணத்துக்கு முன் முடிய வேண்டும். சென்னைக்குத் தெற்கே, பொழுதுபோக்குப் பூங்காக்கள் நடத்தும் வொண்டர்லா நிறுவனம் காணி வாங்கிவைத்தும், உள்ளாட்சி கேளிக்கை வரிப் பிரச்சினை தீரட்டும் என்று பல வருடம் கட்டாமல் பொறுத்திருந்தது. காணியில் மட்டும் காசு முடங்கும்போது காத்திருப்பது தாங்கும். இயந்திரம் துறைமுகத்தில் நிற்கும்போது காத்திருந்தால் தாமதக் கட்டணம் நாட்கணக்கில் ஏறும்.

டொலர் தனிக் கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐ எட்டியது. ஒரு இலட்சம் டொலர் மீதிப்பணம் 2 கோடியிலிருந்து 3 கோடி 60 இலட்சமானது. அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் நாணயக் கடிதம்) திறக்கப் பிந்தினால் வட்டியும் நாணய மாற்றும் சேர்ந்து அடிக்கும். கடன் கேட்கும்போதே மீதிப்பணத்தில் 15 வீதமாவது நாணய மாற்று ஒதுக்கு வைப்பது நல்லது.

உற்பத்தியாளர் பிந்தினால் நட்டஈடு தருவார்தானே என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தைப் பாருங்கள். வழக்கமாக வாரத்துக்கு அரை வீதம், உச்சம் 5 அல்லது 10 வீதம், அதுவும் இயந்திரத்தின் விலையில் மட்டும். இயந்திரம் 3 கோடி, உச்சம் 5 வீதம் என்றால் கிடைப்பது 15 இலட்சம். நீங்கள் இழப்பது 84. பொறுப்பும் பெரும்பாலும் கப்பலில் ஏற்றும் திகதியோடு முடிந்துவிடும். அதைவிடப் பலர் வாசிக்காமல் விடுவது உத்தரவாத வரி: "இயங்கத் தொடங்கி 12 மாதம் அல்லது ஏற்றுமதியாகி 18 மாதம், எது முந்தியதோ." கப்பல் வந்தும் ரைட் 10 மாதம் பெட்டிக்குள் கிடந்தால், ஓட்டத்தில் மிஞ்சும் உத்தரவாதம் 8 மாதத்துக்கும் குறைவு. கையெழுத்திடும் முன் இந்த வரியை மாற்றக் கேளுங்கள்; பல உற்பத்தியாளர்கள் உடன்படுவார்கள்.

கணக்குப் புத்தகத்தில்

கணக்கீட்டு நியமம் 23இன் கீழ், ரைட் தயாராகும் வரை அதற்குரிய கடன் வட்டியை அதன் கிரயத்தோடு சேர்க்கலாம். ஆனால் வேலை நீண்ட காலம் நின்றுபோனால் அந்தக் காலத்து வட்டியைச் சேர்க்க முடியாது, இலாப நட்டத்துக்குப் போகும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றும் பூங்காவென்றால் வட்டி முழுவதும் அந்தந்த வருடச் செலவுதான். திறப்பு விழா, விளம்பரம், ஊழியர் பயிற்சி எந்த நியமத்திலும் ரைட்டின் கிரயமாகாது. பெறுமானத் தேய்வு டிக்கெட் விற்கும் நாளிலிருந்தல்ல, ரைட் பாவனைக்குத் தயாரான நாளிலிருந்து. சோதனை முடிந்த ரைட்டை விழாவுக்காக இரண்டு மாதம் பூட்டி வைத்தாலும் தேய்வு ஓடும். முன்பணமாக விற்ற சீசன் டிக்கெட் காசு வருமானமில்லை, கடப்பாடு. ரைட் திறக்காவிட்டால் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் காசில் சீமெந்து வாங்காதீர்கள்.

ஓடும் ரைட்டின் தாமதம்

திறந்த பிறகு வரும் சின்னத் தாமதம் கண்ணில் படாமல் அதிகம் தின்னும். அந்த 24 இருக்கை ரைட் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஏற்றி இறக்கல் என்றால் மணிக்கு 15 சுற்று, 360 பேர். ஏற்றி இறக்க 3 நிமிடமானால் 12 சுற்று, 288 பேர். நாளுக்கு 6 மணித்தியாலம் சனம் நிரம்பியிருந்தால் 432 இருக்கை வீண். எங்கள் பக்கம் வழமையான ஒவ்வொரு ரைட்டுக்கும் தனி டிக்கெட் முறையில், 300 ரூபாய் வீதம் அது 1,29,600 ரூபாய். ஒரே டிக்கெட் முறையென்றால் நேரடி இழப்பு இல்லை, ஆனால் வரிசையில் நிற்கும் குடும்பம் கடையில் எதுவும் வாங்காது. அந்த ஒரு நிமிடம் போவது பெரும்பாலும் பைகள், செருப்பு, தொப்பி வைக்க இடமில்லாததாலும், உயரம் அளக்கும் கோல் வரிசையின் கடைசியில் இருப்பதாலும். கோலை வரிசையின் தொடக்கத்துக்கு மாற்றுவதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. மடிப்பூட்டை (இருக்கையில் ஆளைப் பிடித்துவைக்கும் பாதுகாப்புத் தண்டு) சரிபார்க்கும் நேரத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது.

மின்சாரம் 30 செக்கன் போனால் ரைட் நிற்பது 30 செக்கனல்ல. ஆட்களைக் கையால் இறக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டியை மீளமைத்து, சுற்றிவரப் பார்த்து, வெறும் இருக்கையோடு ஓட்டிப் பார்த்த பிறகே திரும்ப ஏற்றலாம். அரை மணி போய்விடும். தானாக மாறும் ஜெனரேட்டரும், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனி யு.பி.எஸ்ஸும் ரைட்டின் விலைக்குள் சேர வேண்டியவை. 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட மின் இணைப்பில் உச்சக் கேள்விக்கு, அதாவது அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகூடிய மின்சாரத்துக்கு, தனிக் கட்டணம் உண்டு. மாதத்தில் ஒரு நாள் ஓட்டினாலும் அந்த மாதத்துக்கு அது விழும். பரீட்சார்த்த ஓட்டத்தை இரண்டு மின்பட்டியல் மாதத்துக்குள் பிரியவிடாமல் ஒன்றுக்குள் முடியுங்கள்.

உப்புக்காற்று முதலில் பிடிப்பது சிறிய பாகங்களை: சென்சர், வயர் முனை, லிமிட் சுவிட்ச். விலை சில ஆயிரம். கையில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வரும்வரை இரண்டு நாள் ரைட் பூட்டு, அது ஆகஸ்ட் சனி ஞாயிறாகவே அமையும். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு அலுமாரியில் இருக்கட்டும். மறுபக்கம், ரைட்டைத் தாங்கும் பெரிய சுழல் பெயரிங் பழுதானால் புதியது வரப் பல மாதம். அதை வாங்கி வைக்க எல்லாராலும் முடியாது. கிறீஸ் மாதிரியில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்த்தால் உடைவதற்குப் பல மாதம் முன்பே தெரியவரும். மாற்றும் வேலையை நவம்பர் மழைக்குள் தள்ளலாம். வெல்டிங் மூட்டுகளின் வருடாந்தப் பரிசோதனையும் அந்த மாதங்களுக்குரியதே. சீசன் போகிறதே என்று பரிசோதனையைச் சுருக்கித் திறக்கும் பூங்காவுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு விபத்துக்குப் பிறகு அங்கே எழுதக் கணக்கே இராது.

தாமதம் வரப்போகிறது என்று தெரிந்த அன்றே மூன்று வேலை செய்யுங்கள். முற்பதிவு செய்த பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் புதுத் திகதியை அறிவியுங்கள். அந்தத் திகதிக்கு மேலும் மூன்று வாரம் இடைவெளி விட்டே சொல்லுங்கள். புது ரைட்டுக்காகக் கழற்றிய பழைய ராட்டினம் இன்னும் விற்கப்படாமல் கிடந்தால், பரிசோதித்து வேறு மூலையில் பூட்டுங்கள். வங்கிக்குப் போய், முதல் தவணை தவறுவதற்கு முன்பே சலுகைக் காலத்தை நீடிக்க எழுத்தில் கேளுங்கள். பொறியியலாளரின் கடிதமும், மாதவாரியாகத் திருத்திய காசுப்பாய்ச்சல் தாளும் கையில் இருக்கட்டும். தவணை தவறிய பிறகு அதே கடிதத்தோடு போனால், கடன் தகவல் பணியகத்தின் பதிவு உங்களுக்கு முன்பே மேசைக்கு வந்திருக்கும்.