மெழுகுவர்த்திக்குள்ள மாடு எங்கேர்ந்து வந்துச்சு?

கரண்ட் போனா ஏத்துறதுக்கு மளிகைக் கடையில பாக்கெட்டா வாங்குற வெள்ளை மெழுகுவர்த்தி ஒண்ணு. கண்ணாடி ஜார்ல ஊத்தி, சணல் கயிறெல்லாம் கட்டி, "சுத்தமான தேன்மெழுகு"ன்னு லேபிள் ஒட்டி ஆயிரம் ரூபா சொல்ற கேண்டில் இன்னொண்ணு. இதுல எது வீகன், அதாவது விலங்குலேர்ந்து எடுத்தது எதுவும் இல்லாததுன்னு கேட்டா முக்கால்வாசி பேர் அந்த ஜாரைத்தான் காட்டுவாங்க. ஆனா அதுதான் கண்டிப்பா வீகன் கிடையாது. வெள்ளை மெழுகுவர்த்தி வீகனா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி, அதுக்கு அப்புறம் வர்றேன்.

தேன்மெழுகு தேனீயோட உடம்புலேர்ந்து வர்றது. வேலைக்காரத் தேனீயோட வயித்துக்கு அடிப்பக்கம் நாலு ஜோடி சுரப்பி இருக்கு, அதுலேர்ந்து செதில் செதிலா மெழுகு வரும், அதை வாயில மென்னு மென்னு அறை கட்டும். ஒரு கிலோ மெழுகுக்கு பல கிலோ தேனைத் தின்னு செரிக்கணும். அந்தக் கூட்டைத்தான் நாம உருக்குறோம். தமிழ்ல மெழுகுன்னாலே ரொம்ப காலமா இதுதான், "மெழுகா உருகினேன்"னு பழைய பாட்டுல வர்றதெல்லாம் தேன்மெழுகுதான், சுவாமிமலையில சிலை வார்க்குறவங்க இன்னைக்கும் இதுலதான் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிக்கிறாங்க.

வெள்ளை மெழுகுவர்த்தி பாரஃபின். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கிறது, 1850கள்லேர்ந்துதான் பெரிய அளவுல புழக்கத்துக்கு வந்துச்சு. "டைனோசர் கொழுப்பு, அதெப்படி வீகன்"னு சில பேர் கலாய்ப்பாங்க. பெட்ரோலியம் பெரும்பாலும் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி கடல்ல மிதந்த நுண்ணுயிர்கள் மக்கி உருவானது, டைனோசருக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. சுற்றுச்சூழல் கணக்குல பாரஃபின் நல்லதா கெட்டதாங்கிறது வேற சண்டை. விலங்கை வளர்த்து, கொன்னு, பிழிஞ்சு எடுத்தது இல்ல, அவ்வளவுதான் வீகன் கேள்வி.

இப்ப அந்தச் சந்தேகம். அதுக்கு மெழுகுவர்த்தி எப்படி எரியுதுன்னு ஒரு நிமிஷம் பாக்கணும். எரியிறது திரின்னு நினைக்கிறோம், உண்மையில எரியிறது மெழுகோட ஆவி. சுடரோட சூட்டுல மேல ஒரு சின்னக் குளம் உருகுது, அந்த திரவம் திரியோட நூலிடுக்கு வழியா தானா மேல ஏறுது, உச்சியில ஆவியாகி காத்துல கலந்து எரியுது. நம்பிக்கை இல்லன்னா ஊதி அணைச்சதும் எழும்புற வெள்ளைப் புகையில தீக்குச்சியைக் காட்டிப் பாருங்க, திரியைத் தொடாமலே நெருப்பு புகை வழியா கீழ இறங்கிப் பத்திக்கும். அந்தப் புகைதான் எரியாம மிச்சம் போன மெழுகு.

ஆக, மெழுகுவர்த்திக்கு எடுக்குற பொருள் அறை சூட்டுல கட்டியா நிக்கணும், சுடர்ல சுலபமா உருகணும், ஆவியாகி சுத்தமா எரியணும். பழைய காலத்து ஐரோப்பாவுல ஏழை வீடுகள்ல ஏத்தினது மாட்டுக்கொழுப்பு, ஆட்டுக்கொழுப்பு. நாத்தமும் புகையும் தாங்காது. காரணம் கிளிசரின். எந்தக் கொழுப்பா இருந்தாலும் ஒரு கிளிசரின் மூலக்கூறுல மூணு கொழுப்பு அமிலம் தொங்கிட்டு இருக்கும், அந்த கிளிசரின் கருகினா வர்றதுதான் வாணலியில எண்ணெய் தீஞ்சா மூக்கை எரிக்குமே அந்தப் புகை. ஃபிரான்ஸ்ல செவ்ரல்னு ஒரு வேதியியலாளர் கொழுப்பைப் பிரிச்சுப் பாத்து, கிளிசரினைக் கழட்டி விட்டுட்டு கெட்டியான அமிலத்தை மட்டும் எடுத்தா அருமையா எரியுதுன்னு கண்டுபிடிச்சு 1825ல கே-லுசாக்னு இன்னொரு வேதியியலாளரோட சேர்ந்து காப்புரிமையே வாங்கினார். அதுதான் ஸ்டியரிக் ஆசிட்.

இந்த ஸ்டியரிக் ஆசிட் இன்னைக்கும் பாரஃபின்ல கொஞ்சமா கலக்குறாங்க, மெழுகு கெட்டிப்படும், பால் மாதிரி வெள்ளையாகும், அச்சுலேர்ந்து சுலபமா கழண்டு வரும். மாட்டுக்கொழுப்புலேர்ந்தும் எடுக்கலாம், பாமாயில்லேர்ந்தும் எடுக்கலாம். வில்லங்கம் என்னன்னா ரெண்டும் ஒரே மூலக்கூறு, 18 கார்பன் வரிசையா கோத்த சங்கிலி, இது மாட்டுலேர்ந்து வந்துச்சு இது பனையிலேர்ந்து வந்துச்சுன்னு எந்த முத்திரையும் அதுல கிடையாது. எரிச்சுப் பாத்தோ மோந்து பாத்தோ தெரியாது. லேப்ல வேணா பிடிக்கலாம், ஆடு மாடு கொழுப்புல 17 கார்பன் உள்ள அமிலமும் லேசா ஒட்டிட்டு வரும், தாவர எண்ணெய்ல அது இல்லன்னே சொல்லலாம். அதுக்காக மெழுகுவர்த்தியைத் தூக்கிட்டு லேபுக்கு யார் போறது.

2016ல இங்கிலாந்துல இதே கதை வேற ரூபத்துல நடந்துச்சு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து பாலிமர், அதாவது பிளாஸ்டிக்ல புது 5 பவுண்ட் நோட்டு விட்டாங்க, அதுல துளியூண்டு மாட்டுக்கொழுப்பு சமாச்சாரம் இருக்குன்னு தெரிஞ்சதும் வீகன்களும் இந்துக்களும் எதிர்த்து, லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு. கடைசியில 2017ல, மாத்தப் போறதில்லன்னு பேங்க் சொல்லிட்டாங்க. மாத்து வழியா அவங்க பாத்தது எதுன்னு நினைக்கிறீங்க, பாமாயில். அதுக்காக சுமத்ரா, போர்னியோவுல காடு அழியிற கதை எல்லாருக்கும் தெரியும். வீகன் லேபிள் அந்தக் காட்டுக்குப் பதில் சொல்லாது.

சரி, சோயா வாக்ஸ்? இது நமக்கு ரொம்பப் பழக்கமான சமாச்சாரம், பேருதான் புதுசு. எண்ணெயை டால்டாவாக்குற அதே வேலை. சோயா எண்ணெயோட கொழுப்புச் சங்கிலிகள் பெரும்பாலும் நடுவுல வளைஞ்சிருக்கும். முருங்கைக்காயை நேரா அடுக்கி ஒரு கட்டா கட்டிடலாம், சுருண்டு கிடக்குற கொடுக்காப்புளியை அப்படிக் கட்ட முடியுமா? அதே மாதிரி வளைஞ்ச மூலக்கூறு நெருக்கமா அடுக்கி நிக்காது, அதனால எண்ணெயாவே இருக்கும். நிக்கல் தூளை வச்சுக்கிட்டு ஹைட்ரஜனை ஏத்தினா வளைவு நிமிருது, நெருக்கமா அடுக்கி நிக்குது, கட்டியாகுது. 1991ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்துக்காரர் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் தேன்மெழுகுக்கு மாத்து தேடப் போய்தான் இதைக் கொண்டு வந்தார்.

தேங்காய் மெழுகுன்னு போட்டா மட்டும் நான் கொஞ்சம் உஷாராயிடுவேன். தேங்காயெண்ணெய் 24 டிகிரியில உருகிடும், மார்கழியில பாட்டில்ல உறையும், சித்திரையில தண்ணி. அதோட சங்கிலி ஏற்கனவே நேராத்தான் இருக்கு, ஆனா குட்டை. அதனால எவ்வளவு ஹைட்ரஜன் ஏத்தினாலும் உருகுற சூடு 36, 38 டிகிரிக்கு மேல பெருசா போகாது. சென்னை மே மாசத்துல அது பாயாசம். அப்ப தனியா நிக்கிற தூண் மாதிரி கேண்டில்ல தேங்காய் மெழுகுன்னு எழுதியிருந்தா உள்ள கூட வேற ஏதோ கெட்டிப் பொருள் இருக்கு, அது சோயாவா, பாரஃபினா, தேன்மெழுகாங்கிறதுதான் கேள்வி.

வாசனையில பயப்பட அவ்வளவு இல்ல. கஸ்தூரி மானோடது, புனுகு பூனையோடது, அம்பர்கிரீஸ் திமிங்கலத்தோட குடல்ல உருவாகுறது, பேப்பர்ல அடிக்கடி திமிங்கல வாந்தின்னு கடத்தல் செய்தி வருமே அதேதான். ஆனா விக்கிற விலைக்கு இதையெல்லாம் ஒரு கேண்டில்ல போட்டா கட்டுப்படியாகாது, மஸ்க்னு எழுதியிருந்தா பெரும்பாலும் ஃபேக்டரியில செஞ்ச வாசனைதான். கஸ்தூரி வெண்டைன்னு ஒரு செடி இருக்கு, அதோட விதையிலயும் இந்த வாசனை வரும். திரி பெரும்பாலும் பருத்திதான், சில இடத்துல திரியை முதல்ல தேன்மெழுகுல முக்கி எடுப்பாங்க, அதை மட்டும் கேட்டுக்கலாம்.

நம்ம ஊர்ல சைவச் சாப்பாட்டு பாக்கெட்டுல பச்சைப் புள்ளி கட்டாயம், மெழுகுவர்த்திக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. அதனால விக்கிறவங்களைத்தான் கேக்கணும். போன வருஷம் ஆன்லைன்ல ஒருத்தங்ககிட்ட, ஸ்டியரிக் ஆசிட் போட்டிருக்கீங்களே, எதுலேர்ந்து எடுத்ததுன்னு கேட்டேன். "100% நேச்சுரல்ங்க"ன்னு பதில். மாட்டுக்கொழுப்பும் 100% நேச்சுரல்தானேன்னு திருப்பி அனுப்பினேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல, அப்புறம் சப்ளையர்கிட்ட விசாரிச்சு பாமாயில்லேர்ந்துன்னு சொன்னாங்க, மெழுகு சோயாவாம், வாங்கிட்டேன். வந்து சேர்ந்தது மே மாசம். டெலிவரி வண்டியில வெயில்ல உருகி, ஜாருக்குள்ள ஒரு பக்கமா சாஞ்சு உறைஞ்சு போயிருந்துச்சு. சாய்வாவே ஏத்தி வச்சேன், நல்லாத்தான் எரிஞ்சுது.