பேச்சை யார் தொடங்குவது?

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல ஆலோசகர்கள் இனவெறியைப் பற்றித் தாங்களே பேச்செடுக்கப் பழக்கப்படுகிறார்கள் என்று படித்த வாசகர் ஒருவர், வந்தவர் சொல்லாததை ஆலோசகர் கிளறினால் ஆறிய புண்ணைக் கீறியது ஆகாதா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புண் ஆறிவிட்டது என்று நமக்கு யார் சொன்னது?

உளசிகிச்சையின் கருவி பேச்சு. ஆலோசகர் மேல் நம்பிக்கை இல்லையேல் அக்கருவி வேலை செய்யாது. இது தெரிந்ததே. அந்த நம்பிக்கை எந்த நொடியில் கசிகிறது என்பதே என்னை ஈர்க்கும் இடம்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். தூக்கமின்மைக்காக வெள்ளையின ஆலோசகரிடம் வரும் கறுப்பினப் பெண், மூன்றாவது வாரம் சொல்கிறார்: "கூட்டத்தில் நான் சொன்ன யோசனையை யாரும் பொருட்படுத்தவில்லை, அதையே வேறொருவர் சொன்னதும் மேலாளர் பாராட்டினார். அந்த அறையில் நான் ஒருத்திதான் கறுப்பினத்தவள்." ஆலோசகர் கனிவாகவே கேட்கிறார்: "மேலாளருக்கு அன்று வேலைச்சுமை அதிகமாக இருந்திருக்குமோ?" அவர் "இருக்கலாம்" என்கிறார், பேச்சு தூக்க மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறது.

கறுப்பினத்தவள் என்ற தம் கடைசி வாக்கியத்தை அந்தப் பெண் ஓர் ஆழம் பார்க்கும் கல்லாகவே போட்டார். நடந்ததைச் சொல்லும் வேலையோடு, கேட்பவர் நம்புவாரா, எதற்கெடுத்தாலும் கோபப்படுபவள் என்று முத்திரை குத்துவாரா என்று எடைபோடும் வேலையும் அவர் மனத்தில் ஓடுகிறது. பதில் வந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது: இதை இங்கே பேசிப் பயனில்லை. 1994இல் ஆய்வாளர்கள் சால்மர் தாம்சனும் ஜெனலும், இனத்தைப் பற்றிப் பேசாமல் நழுவும்படி ஆலோசகர்களைப் பழக்கி, அவர்கள் கறுப்பினப் பெண்களுடன் நடத்திய உரையாடல்களை ஆராய்ந்தபோது கண்டதும் இத்தகைய பின்வாங்கலையே. ஆலோசகர் பிடிகொடுக்காததைக் கண்டு, பேச வந்ததை அப்பெண்களில் சிலர் கைவிட்டார்கள்.

கறுப்பினத்தவரின் இந்த எச்சரிக்கை உணர்வுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தப்பியோடும் அடிமைகளுக்கு மனநோய் என்று 1851இல் பெயர் சூட்டியவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பின்பும் முறையான சிகிச்சை தராமல், 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்தது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை.

இனி மறுபக்கம். அதே ஆலோசகர், "அறையில் நீங்கள் ஒருவரே கறுப்பினத்தவர் என்றீர்கள், நடந்ததில் அதற்குப் பங்கு இருப்பதாக நினைக்கிறீர்களா? வெள்ளையினத்தவனான என்னிடம் இதைப் பேசுவது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தால், எடைபோடும் சுமையில் ஒரு பகுதி அந்தப் பெண்ணின் தோளிலிருந்து இறங்கியிருக்கும். அவர் "இல்லை" என்று சொன்னாலும் இழப்பில்லை. பின்னொரு நாள் பேசலாம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆலோசனைத் துறை ஆய்வாளர் நோர்மா டே-வைன்ஸும் சகாக்களும் 2007இல் விரித்துரைத்த இந்த அணுகுமுறையை, முதல் நாள் படிவம் நிரப்புவதுபோல் கேட்டுவிட்டு மறப்பவரும் கெடுக்கலாம். தம் குற்றவுணர்வைக் கொட்டி, வந்தவரையே தமக்கு ஆறுதல் சொல்ல வைப்பவரும் கெடுக்கலாம். இரண்டாமவர் இன்னும் மோசம் என்பேன்.

கறுப்பினத்தவருக்குக் கறுப்பின ஆலோசகரையே அமர்த்தலாமே என்றால், அமெரிக்க உளவியலாளர்களில் பத்தில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. இனவெறிக்குத் துணைபோனதற்காக அமெரிக்க உளவியல் சங்கம் 2021 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது. மூளையைப் படம்பிடிக்க அள்ளித் தரும் நிதியில் ஒரு துளியை இத்தகைய உரையாடல்களை ஆராயத் தந்தால், அந்த மன்னிப்புக்கு எடை கூடும் என்பது என் கருத்து.

மூன்றாவது வாரம் வாய்ப்பைத் தவறவிட்ட ஆலோசகருக்கு நான்காவது வாரம் இருக்கிறது. "சென்ற முறை நீங்கள் சொன்னதை நான் வேலைச்சுமை என்று திருப்பிவிட்டேன். உங்களுக்கு விருப்பமிருந்தால், அந்தக் கூட்டத்தைப் பற்றி மறுபடியும் சொல்லுங்கள்" என்று அவர் தொடங்கலாம். சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு.