சேம்பர் கொயர்: ‘அறைப் பாடகர் குழு’ என்பது சரிதானா?

ஐரோப்பிய இசை நிகழ்ச்சிகளைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘அறைப் பாடகர் குழு தேவாலயத்தில் பாடியது’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. படிப்பவர் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்? அறைக்குள் பாட வேண்டியவர்கள் இடமில்லாமல் தேவாலயத்துக்கு வந்துவிட்டார்கள் என்றா? மூலத்தில் இருப்பது ‘சேம்பர் கொயர்’. ‘சேம்பர்’ என்றால் அறை, ‘கொயர்’ என்றால் பாடகர் குழு என்று அகராதியில் பார்த்து ஒட்டிவிட்டார்கள். இரண்டு சொல்லும் தனித்தனியே சரி. சேர்த்தால் தப்பு.

முதலில் வேர். கிரேக்கத்தில் ‘கோரோஸ்’ என்பது ஆடிப் பாடும் கூட்டம். அது லத்தீனில் ‘கோரஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘கொயர்’ ஆனது. நம் சினிமாக்காரர்கள் சொல்லும் கோரஸும் அதுதான். ‘சேம்பர்’ லத்தீன் ‘கேமரா’விலிருந்து வந்தது. படம் பிடிக்கும் கேமராவுக்கும் அதே வேர்.

இசையில் இந்த ‘அறை’ எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இசையை அது ஒலிக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்கள்: தேவாலயத்துக்கானது, நாடக அரங்குக்கானது, பிரபுக்களின் மாளிகைக் கூடத்துக்கானது. இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி 1685இல் வெளியிட்ட சொனாட்டா (வாத்திய இசை) தொகுப்பின் பெயரிலேயே ‘தா கேமரா’, அதாவது ‘அறைக்கானது’ என்று இருக்கிறது. அன்றைக்கு அது உண்மையிலேயே இடப்பெயர். கூடத்தில் கொஞ்சம் பேர்தான் உட்கார்ந்து வாசிக்க முடியும் என்பதால் நாளடைவில் இடம் மறைந்து அளவு மட்டும் பொருளாக நின்றது. இன்று ‘சேம்பர்’ என்றால் சிறிய குழு, அவ்வளவுதான்.

பாடகர்கள் விஷயத்தில் இந்த அடைமொழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் காரணம் உண்டு. 1730இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், தான் பணியாற்றிய லைப்சிக் நகரின் சபைக்கு எழுதிய குறிப்பில், தேவாலயத்தில் பாடும் ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பேர், 16 பேர் இருந்தால் நல்லது என்று கேட்டார். ஆனால் 1857இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அரங்கில் இசையமைப்பாளர் ஹாண்டலின் படைப்புகளைப் பாட நின்றவர்கள் சுமார் 2,000 பேர். 19ஆம் நூற்றாண்டு இப்படிப் பெருங்கூட்டத்தின் பக்கம் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டில் சிலர் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். 1945இல் ஸ்வீடன் நாட்டு இசை நடத்துநர் எரிக் எரிக்சன் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய சிறு குழுவின் பெயரே சேம்பர் கொயர் என்பதற்கான ஸ்வீடிஷ் சொல்தான். அவர் அதே நகரில் புனித யாக்கோபு தேவாலயத்தின் இசைப் பொறுப்பிலும் இருந்தவர். அந்த மனிதரின் குழுவுக்குத் தேவாலயம் அந்நிய இடமா? கல் சுவரும் உயர்ந்த கூரையும் குரலைத் தாங்கி நிறுத்துவதால், ஐரோப்பாவில் இப்படிப்பட்ட குழுக்கள் ஊர்த் தேவாலயத்தில் பாடுவதுதான் வழக்கம். ‘அறை’ என்ற சொல் இந்த உண்மையை அப்படியே புரட்டிப்போடுகிறது.

‘மூலத்தில் அறை இருக்கிறதே, அதை எப்படி விடுவது?’ என்பது மறுபக்கத்தின் வாதம். சரி, நம் ‘கச்சேரி’யை எடுத்துக்கொள்வோம். அது வடக்கிலிருந்து வந்த சொல். நீதிமன்றம், அரசு அலுவலகம் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் கச்சேரிக்குப் போகிறேன் என்றால் மாவட்டச் செயலகத்துக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம். சென்னையில் மார்கழிக் கச்சேரியை யாராவது வேறு மொழியில் ‘அலுவலகப் பாட்டு’ என்று பெயர்த்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? நம் சொல்லுக்கு நாம் எதிர்பார்க்கும் மரியாதையை அடுத்தவர் சொல்லுக்கும் தர வேண்டும்.

‘குரவை’ என்று சொல்லலாமே என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்கக்கூடும். ‘கோரோஸ்’ ஆடலும் பாடலும் சேர்ந்தது, சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையும் அப்படித்தான். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் ஏட்டை வைத்துக்கொண்டு அசையாமல் நின்று பாடுகிறவர்களைக் குரவை என்றால், கைகோத்து ஆடிய ஆய்ச்சியருக்குப் பெயரில்லாமல் போய்விடும். பழைய சொல்லை மீட்பது வேறு, அதன் பொருளைப் பறிப்பது வேறு.

எனக்குச் சரியாகப் படுவது ‘சிறு சேர்ந்திசைக் குழு’. சேர்ந்திசை என்ற சொல் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைத் திரட்டிப் பாடவைத்த காலத்திலிருந்து புழங்கிவருகிறது. பல குரல்கள் தனித்தனி வழியில் போய் ஒன்றாக இசைவதை அது சொல்லிவிடுகிறது. இதையே சிலர் ஆர்கெஸ்ட்ராவுக்கும் போடுகிறார்கள். அதை விட்டுவிடலாம்; பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பதற்குச் சங்க இலக்கியத்திலேயே ‘பல்லியம்’ இருக்கிறது. நம்மூர்த் தேவாலயங்களில் ஆராதனையில் பாடுகிறவர்களைப் பாடகர் குழு என்றும் பாடற்குழு என்றும் சொல்வது அவர்கள் வழக்கம். அதைத் தொடத் தேவையில்லை. பேச்சில் கொயர் என்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்புறம் இந்தக் குழுக்களைப் பற்றி எழுதும்போது வரும் ‘அ கப்பெல்லா’ என்ற இத்தாலியத் தொடர். ‘சிற்றாலய முறையில்’ என்பது நேர்ப்பொருள். ‘பக்கவாத்தியம் இல்லாமல்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கிறார்களே தவிரச் சொல் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கோபம். ஆங்கிலத்தில் ‘கொயர்’ என்பது கட்டடத்தின் ஒரு பகுதிக்கும் பெயர். பீடத்துக்கு முன்னால் பாடகர்கள் அமரும் இடம். 1174இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் தீயில் எரிந்தது அந்தப் பகுதி. அகராதியை மட்டும் நம்பி எழுதினால் அது ‘பாடகர் குழு எரிந்தது’ என்றாகிவிடும். அங்கே எழுத வேண்டியது ‘பாடகர் இருக்கைப் பகுதி’.