முதல் திரையில் தொட்டது பில்லில் வரவில்லையா?

போன வாரம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு விதைக்கடையிலிருந்து, பில் போடும் நிரலில் கோளாறு என்று அழைப்பு வந்தது. பிசான நெல் பருவத்தின் விதைப்பு நேரம் என்பதால் வாசலில் கூட்டம். கடை அண்ணாச்சி ஒரு பில்லை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு விதைப் பையை என் முன்னால் இழுத்துப் போட்டார். பையில் தைத்திருந்த நீல அட்டையில் ஆடுதுறை 39 என்று இருந்தது. பில்லில் அம்பை 16. இரண்டும் வேறு வேறு நெல் ரகங்கள்.

"நான் ஆடுதுறையத்தான் தொட்டேன் தம்பி. அது அம்பை பதினாறுன்னே அடிக்கு. எத்தன தடவ போட்டாலும் அதேதான்."

பில்லைப் பார்த்தேன். அச்செழுத்தைப் பேனாவால் அடித்து, மேலே ஆடுதுறை 39 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தார். இப்படி ஒரு கட்டுப் பில்லை அவர் கையாலேயே திருத்தியிருந்தார்.

பெயர்தானே மாறியது என்று விடமுடியாது. அம்பை 16 ஏறக்குறைய 110 நாள் பயிர். ஆடுதுறை 39 அதைவிடப் பத்து நாள்போலக் கூடுதல். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவர் பில் கொடுத்தே ஆகவேண்டும். முளைப்பு சரியில்லை என்று நாளை ஒரு விவசாயி முறையிடப் போனால், அவர் கையில் இருக்கும் சாட்சி அந்தப் பில்தான். அதில் ரகமே தப்பாக இருந்தால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

இதே பிழையை நான் இந்த வருஷத்தில் பார்ப்பது ஐந்தாவது முறை. இதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். திரையில் ஆண், பெண் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அறிக்கை ஆணுக்குரிய அளவோடுதான் ஒப்பிட்டது. ஹீமோகுளோபின் 12.5 இருந்த பெண்களுக்கெல்லாம் 'குறைவு' என்று அச்சாகியிருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. 13 என்பது ஆண்களுக்கான எல்லை. எத்தனை பேர் பயந்து மாத்திரை வாங்கினார்களோ!

இரண்டு நிரலும் பைத்தானில், திரையில் சன்னலும் பொத்தானும் வரவைக்கும் டிகின்டரில் எழுதியவை. எழுதியவர்கள் படித்து முடித்த கெட்டிக்காரப் பிள்ளைகள். இருவரும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "சார், அதான் வேரியபிள்ல வாங்கி வச்சிருக்கேனே!"

இந்த நினைப்பைத்தான் நான் உடைக்க வேண்டியிருக்கிறது. வாங்கி வைத்தது வாங்கிய நேரத்து மதிப்பு, அவ்வளவுதான். காலையில் பேப்பரில் பாபநாசம் அணை 98 அடி என்று படிக்கிறோம். மத்தியானம் மேலே மழை கொட்டி அணை 104 அடிக்கு ஏறினாலும் கையில் இருக்கும் பேப்பரில் 98தான் இருக்கும். இப்போதைய மட்டம் வேண்டுமென்றால் இப்போது கேட்கவேண்டும். ரகம் = தேர்வு.கெட்() என்று எழுதுவது அந்தப் பேப்பரை வாங்கி மடித்து வைப்பது. தேர்வு என்கிற ஸ்ட்ரிங்வார், அதாவது திரையில் தொடத்தொட மாறும் டிகின்டர் மாறிதான் அணை; ரகம் வெறும் எழுத்துச் சரம். அணையில் தண்ணீர் ஏறினால் பேப்பர் தானாகத் திருந்தாது.

விதைக்கடை நிரலில் அந்த வரி எங்கே இருந்தது என்று பாருங்கள். மூன்று திரைகளையும் ஆரம்பத்திலேயே உருவாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டியதை மட்டும் டிகேரெய்ஸால் மேலே கொண்டுவரும் முறை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. முறை நல்ல முறைதான். ஆனால் பில் திரையின் இனிட், அதாவது திரை உருவாகும்போது ஓடும் பகுதி, ஓடும்போது கடைக்காரர் முதல் திரையையே இன்னும் பார்க்கவில்லை. அங்கே கெட் போட்டால் முன்தேர்வாக வைத்திருந்த, பட்டியலின் முதல் ரகம்தான் வரும். அம்பை 16 வந்த கதை இதுதான்.

கெட்டை இனிட்டிலிருந்து எடுங்கள். 'பில் போடு' பொத்தானை அமுக்கும்போது ஓடும் செயற்கூற்றுக்குள் வையுங்கள். திரை மேலே வரும்போதே ரகம் தெரியவேண்டும் என்றால், திரையைக் காட்டும் இடத்தில் ஒரு புதுப்பிக்கும் செயற்கூற்றைக் கூப்பிடுங்கள். வெறும் லேபிள் என்றால் அதன் டெக்ஸ்ட்வேரியபிள் என்ற அமைப்பில் அதே ஸ்ட்ரிங்வாரைக் கட்டிவிட்டால் போதும், அது தானாக மாறும். பொத்தானில் கமாண்ட் = பில்_போடு என்று பெயரை மட்டும் கொடுக்கவேண்டும். அடைப்புக்குறி சேர்த்தால் பொத்தான் பிறக்கும்போதே ஓடி முடிந்துவிடும். இதை நூறு தடவை சொல்லியாயிற்று.

ரத்தக்கூடத்தில் நோய் வேறு. நிரலின் முதன்மைச் சன்னலை உருவாக்குவது டிகே(). இரண்டாவது சன்னலுக்கும் அந்தத் தம்பி இன்னொரு டிகே() எழுதியிருந்தார். டிகின்டருக்கு அடியில் ஓடுவது டிசிஎல் என்ற மொழி; ஒவ்வொரு டிகே()யும் தனி டிசிஎல் உலகம். எஜமானை, அதாவது எந்தச் சன்னலைச் சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் உருவாக்கிய ஸ்ட்ரிங்வார் முதல் உலகத்தில் பிறக்கிறது. இரண்டாவது சன்னலின் ரேடியோ பொத்தான் தன் உலகத்தில் அதே பெயரில் வேறொன்றை மாற்றிக்கொண்டிருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, ஆகவே மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒரு நிரலுக்கு ஒரே டிகே(), மற்ற சன்னல்களுக்கு டாப்லெவல். இதில் விதிவிலக்குத் தேடாதீர்கள்.

சி ஷார்ப்பில் எழுதுகிறவர்கள் நமக்கில்லை என்று போகவேண்டாம். இரண்டாவது படிவத்திலிருந்து நியூ ஃபார்ம்1 என்று எழுதி, அதன் காம்போபாக்ஸை, அதாவது தேர்வுப் பட்டியலைப் படிக்கிறீர்கள். அது கடைக்காரர் தொட்ட படிவமில்லை, இப்போதுதான் பிறந்த வேறொரு படிவம். திறந்திருக்கும் படிவத்தின் மதிப்பை, இரண்டாவது படிவம் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தவறினால் ஆளைப் பாதிக்கும் தேர்வுக்கு முன்தேர்வு வைக்காதீர்கள். ரகம், ஆண் பெண், மருந்தின் அளவு எல்லாம் காலியாகத் தொடங்கட்டும். காலியாக இருக்கும்வரை 'அடுத்து' பொத்தான் வேலை செய்யக்கூடாது. அம்பை 16 முன்தேர்வாக இல்லாமல் இருந்திருந்தால் முதல் பில்லே வெறுமையாக வந்து, அன்றைக்கே பிழை பிடிபட்டிருக்கும்.

கடையில் கொடுக்குமுன் சோதித்தீர்களா என்று கேட்டால் ஆமாம் என்கிறீர்கள். பட்டியலில் முதலாவதைத் தேர்ந்து சோதித்தால் எல்லாம் சரியாகத்தானே தெரியும்? மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். பில் வரை போங்கள். பின்னால் வந்து ஐந்தாவதாக மாற்றுங்கள். மறுபடி பில் வரை போங்கள். இரண்டு நிமிஷ வேலை, தம்பிகளா. தயவுசெய்து செய்யுங்கள்.

விதைக்கடையில் ஒரு வரியை இடம் மாற்றியதும் பில் சரியாக வந்தது. பழைய பில்களுக்கு அந்த வழி இல்லை. அண்ணாச்சியும் நானும் இருப்புப் பதிவேட்டை விரித்து, குவிப்பு எண்ணை (விதைப் பையின் லாட் நம்பரை) வைத்து ஒவ்வொரு பில்லாகச் சரிபார்த்தோம். அவர் கண்ணில் படாமல், திருத்தாமலே வெளியே போனவை பதினேழு. அந்தப் பதினேழு பேருக்கும் அண்ணாச்சி போன் போட்டு, புதுப் பில் வாங்கிக்கொள்ள வரச்சொன்னார். நான் கிளம்பும்போது பதினோரு பேர் எடுத்திருந்தார்கள்.