ஒரு செம்பருத்தி முகை அவிழ்கிறது

புதுப்புதுச் செல்கள் பெருகுவதால்தான் மொட்டு மலராக விரிகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வாசலோரச் செம்பருத்தியில் ஒரே மொட்டைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் மேக்ரோ லென்ஸால் படமெடுத்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

முதல் சில நாட்களின் படங்களில் பச்சை மட்டுமே தெரிகிறது. வெளியே, மொட்டின் அடியைச் சுற்றி, சிறு இலைகள் போன்ற ஆறேழு மெல்லிய புறப்புல்லிகள். உள்ளே ஐந்து புல்லிகள் இணைந்த கிண்ணம். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் செல் பிரிதல் நடப்பது இந்த அமைதியான நாட்களில்தான். மலரின் எல்லா உறுப்புகளும் அந்தப் பச்சைக் கிண்ணத்துக்குள்ளேயே உருவாகிவிடுகின்றன.

பிறகு ஒரு மாலை சிவப்பு நுனி வெளியே நீள்கிறது. அரும்பு, மொட்டு, முகை என்று தமிழ் பிரித்துச் சொல்வதன் நுட்பம் இந்தப் படங்களில்தான் எனக்குப் பிடிபட்டது. அவிழக் காத்திருக்கும் முகை, பிழிந்த ஈரத்துணிபோல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் இதழும் ஒரு விளிம்பால் பக்கத்து இதழை மூடுகிறது; அதன் மறு விளிம்பை அடுத்த இதழ் மூடுகிறது. ஒரே செடியில் சில முகைகள் இடப்புறமாகவும் சில வலப்புறமாகவும் முறுக்கியிருக்கும். உங்கள் வீட்டுச் செடியிலேயே இதைப் பார்க்கலாம்.

அந்த முறுக்கை அவிழ்ப்பது தண்ணீர். பல மலர்களில், விரியும் வேளையில் இதழ்ச் செல்களிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. சர்க்கரை கூடியதும் சவ்வூடு பரவலால் நீர் செல்லுக்குள் புகுந்து அதை உப்பச் செய்கிறது. இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட அதிகமாக விரிவதால் இதழ் பின்னோக்கி வளைகிறது. ஏற்கெனவே இருந்த செல்கள்தான் இரவோடு இரவாகப் பெரிதாகின்றன!

இதைப் படம்பிடிக்கப் பொறுமை வேண்டும். பொருளின் உண்மையான அளவிலேயே பிம்பம் கேமராவில் பதியுமாறு எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 8 வரை சுருக்கினால்கூட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழமே தெளிவாக விழும். இலை அசையும் காற்றே படத்தைக் கலைத்துவிடும். கிளையை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டி, காற்று எழாத விடியற்காலையில் எடுப்பதே நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் போதும்.

விரிந்த பூவில் நான் மணிக்கணக்கில் நின்றுவிடும் இடம் நடுத்தண்டு. மகரந்தத்தாள்கள் ஒன்றிணைந்து குழாயாகி, சூல்தண்டைச் சுற்றி நிற்கின்றன. குழாயின் நுனியைத் தாண்டிச் சூல்தண்டு ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் தலையிலும் மகரந்தத்தை ஏற்கும், வெல்வெட் பொட்டு போன்ற சூல்முடியை ஏந்துகிறது. மகரந்தத் துகள் பத்தில் ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரியது. உடலெங்கும் முட்கள் கொண்டது. படத்தைப் பெரிதாக்கினால் மஞ்சள் உருண்டைகள் தனித்தனியே தெரியும்.

பெரும்பாலும் ஒரே நாள் வாழ்வு. மறுநாள் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு, சிவப்பு கருமை கலந்த ஊதாவாகிறது. பிறகு பூ காம்போடு கழன்று விழுகிறது. விழுந்த பூவைக் கையில் எடுத்தபோது, காம்பு அறுந்த இடம் மிகச் சீராக இருந்தது. பழைய படங்களைத் திரும்பப் பார்த்தேன். பச்சை மொட்டாக இருந்த முதல் நாள் படத்திலேயே, அதே இடத்தில் ஒரு மெல்லிய கணு தெரிந்தது.